புயல் கடந்த பிறகும் இறங்காத கூண்டு

எங்கள் தெருவில் மீன் விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். ஐம்பதை நெருங்கும் வயது. விடியற்காலை இரண்டரை மணிக்கு எழுந்து காசிமேட்டுக்குப் போவார், ஏலத்தில் மீன் எடுப்பார், ஏழு மணிக்குள் தண்டையார்பேட்டை முனையில் கடை விரித்துவிடுவார். போன வருடம் மூன்று முறை நடுராத்திரியில் அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். மூன்று முறையும் ஒரே மாதிரிதான். நெஞ்சு அடைக்கிறது, விரல் நுனியெல்லாம் ஊசி குத்துகிறது, உதடு மரத்துப்போகிறது, இதோ உயிர் போகிறது. ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். மூன்றாவது முறை, பணியில் இருந்த மருத்துவர் சீட்டை எழுதிக்கொண்டே, "ஒண்ணுமில்லம்மா, கேஸு. வீட்டுக்குப் போங்க" என்றார்.

வெளியே வந்து நின்றபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு, ஒண்ணுமில்லன்னா எனக்கு ஏன் இப்படி ஆவுது? நான் நடிக்கிறேன்னு நினைக்கிறாங்களா?"

அந்த மருத்துவர் பொய் சொல்லவில்லை. இதயத்தில் ஒன்றுமில்லை என்று சொல்ல வந்தார். அக்காவின் காதில் விழுந்ததோ "உனக்கு ஒண்ணுமில்ல" என்பது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்துக்கொண்டு, கடன் வாங்கி அலைகிறவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். அக்காவுக்கு வந்தது திடீர்ப் பீதி. அதற்கு அடியில் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது நாள்பட்ட பதற்றம். இரண்டுமே உடம்பில் நிஜமாக நடப்பவை. அன்று ராத்திரி என்னால் சரியாக விளக்க முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வடசென்னைக்காரர்களுக்குக் கூண்டு என்றால் தெரியும். வங்கக் கடலில் புயல் கிளம்பினால் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். ஒன்றாம் எண் என்றால் எங்கோ தூரத்தில் உருவாகியிருக்கிறது. எண் ஏற ஏற ஆபத்து நெருங்குகிறது. பத்து என்றால் பெரும் அபாயம். அதற்கும் மேலே பதினொன்று என்று ஒன்று உண்டு: வானிலை எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துபோய்விட்டது என்று பொருள். புயல் கரை கடந்ததும் கூண்டை இறக்கிவிடுவார்கள். விசைப்படகுகள் மறுபடி கிளம்பும்.

நம் தலைக்குள்ளும் இப்படி ஒரு கூண்டு இருக்கிறது. மூளையின் உட்புறம், வாதுமைக் கொட்டை வடிவத்தில், அமிக்டலா என்ற சிறு பகுதி. ஆபத்து என்று அதற்குப் பட்டால் நாம் யோசித்து முடிப்பதற்குள் கூண்டை ஏற்றிவிடும். சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு ஏறுகிறது, தசைகள் முறுக்கிக்கொள்கின்றன, சீரண வேலையை அப்படியே நிறுத்திவிட்டு ரத்தம் கை கால்களுக்குப் போகிறது. ஓடு, இல்லாவிட்டால் எதிர்த்து நில் என்பதற்கான ஏற்பாடு. ஆபத்து நீடித்தால் கார்ட்டிசால் என்ற இன்னொரு சுரப்பும் சேர்ந்துகொண்டு உடம்பை விழிப்பிலேயே வைத்திருக்கும்.

நெஞ்சு படபடக்குது, கை கால் வெலவெலக்குது, ஈரக்கொலை நடுங்குது, வயித்துல புளியைக் கரைக்குது என்று நாம் சொல்வதெல்லாம் இந்த ஏற்பாட்டின் நேரடி வர்ணனை. வயிற்றில் புளி கரைவது வெறும் பேச்சு வழக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயத்தில் குடலின் அசைவு நிஜமாகவே மாறுகிறது, பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகள் கழிவறைக்கு ஓடுவது அதனால்தான் என்று தெரிந்த பிறகு, அந்தச் சொல்லை முதலில் சொன்ன ஆத்தாவின் மேல் பெரிய மரியாதை வந்தது.

நாள்பட்ட பதற்றம் என்பது புயல் போன பிறகும் கூண்டு இறங்காமல் நிற்பது. பெரும்பாலான நாட்களில், ஆறு மாதத்துக்கும் மேலாக, அடக்க முடியாத கவலை. அதோடு அமைதியின்மை, சீக்கிரம் சோர்ந்துபோவது, கவனம் நிற்காமல் போவது, சுள்ளென்று எரிந்து விழுவது, கழுத்தும் தோளும் இறுகிக் கிடப்பது, தூக்கம் கெடுவது என்று சில சேர்ந்துகொண்டால் மருத்துவர்கள் அதைப் பொதுப் பதற்றக் கோளாறு என்கிறார்கள். பெங்களூரு நிமான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அந்த நேரத்தில் ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்தது தெரியவந்தது. பத்தில் ஒருவருக்கு மேல். நம் தெருவில் எத்தனை வீடு என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

திடீர்ப் பீதி அந்தப் பதினொன்றாம் எண். வெளியே என்ன நிலவரம் என்பதே உள்ளே தெரியாமல் போய்விடும். ஆள் பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. அது குறைந்தால் விரலும் உதடும் மரக்கும், மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சற்றே சுருங்கித் தலை சுற்றும். அக்காவுக்கு நடந்தது இதுதான். மரத்துப்போவதைப் பார்த்ததும் பக்கவாதமோ என்று பயம், பயத்தில் இன்னும் வேகமான மூச்சு, அதனால் இன்னும் மரப்பு. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அப்புறம் தானாக இறங்கிவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் முறை நெஞ்சுவலி வருகிறவர் "டென்ஷனாத்தான் இருக்கும்" என்று வீட்டில் படுத்திருக்கக் கூடாது. மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், இதயத் துடிப்பின் சீர் கெட்டாலும் இதே படபடப்பு வரும். நம் பெண்களிடம் ரத்தசோகை சாதாரணம். ஒரு தடவை ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் செய்து அதையெல்லாம் விலக்கிவிட்ட பிறகுதான் பதற்றம் என்ற பேச்சுக்கே வர வேண்டும்.

சரி, கூண்டு ஏன் இறங்க மாட்டேன் என்கிறது?

"சும்மா எதுக்குப் பயப்படுற" என்று சொல்கிறவர்கள் எங்கள் பக்கத்தைக் கொஞ்சம் சுற்றிப் பார்க்க வேண்டும். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஊருக்குள் வந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். 2015 டிசம்பரில் வெள்ளம். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல்; வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்து, எண்ணூர் முகத்துவாரத்தில் படகும் வலையும் வீட்டுச் சுவரும் கறுத்துப்போயின. அதே மாதம் 26ஆம் தேதி, சுனாமி நினைவு நாளின் நள்ளிரவில், எண்ணூரில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பத்து ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து மூச்சுத் திணறிக்கொண்டு ஓடினார்கள். இதற்கெல்லாம் பிறகு ஒரு பெண் ராத்திரியில் ஏதோ வாடை வந்தால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள் என்றால், அவள் உடம்பு தப்பாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. நடந்ததைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறது.

பெரிய நிகழ்வுகள் போக, அன்றாடத்தின் நிச்சயமின்மையும் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீனை நம்பிய வீட்டில் வருமானம் சுருங்கும், பள்ளிக்கூடக் கட்டணம் அதே ஜூனில் வந்து நிற்கும். வாரவட்டிக்காரர். எப்போது காலி பண்ணச் சொல்வார்கள் என்று தெரியாத குடியிருப்பு. கெட்டது நடக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால்கூட மனசு ஒருவிதமாகத் தயாராகிவிடும். நடக்குமோ நடக்காதோ என்ற இழுபறிதான் அதை அரித்துத் தின்னும்.

அதனால் என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். வட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது ஒருவரிடம் போய் மூச்சுப் பயிற்சி செய் என்பது அவரை அவமதிப்பது. அந்தப் பதற்றத்துக்கு மருந்து, கடனை மாற்றி அமைக்க வழி தேடுவது. ஆனால் வட்டிக்காரர் போய், கடனும் அடைந்து, வருடம் ஒன்றான பிறகும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் நெஞ்சு தூக்கிப்போடுகிறது என்றால், அங்கேதான் மற்ற வழிகளுக்கு வேலை இருக்கிறது. எது நிஜக் கூண்டு, எது இறக்க மறந்த கூண்டு என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. அது கேட்பதற்கு எளிது. செய்வதற்குத் துணைக்கு ஒரு ஆள் வேண்டும்.

இறக்க மறந்த கூண்டை இன்னும் மேலே தள்ளுவது எது? எனக்குத் தெரிந்த ஒரு தம்பியின் கதையைச் சொன்னால் புரியும். திருவொற்றியூர் பையன், பர்மா பஜாரில் செல்போன் பழுது பார்க்கும் வேலை. ஒரு நாள் மாலை நெரிசலான மின்சார ரயில் கொருக்குப்பேட்டை தாண்டி நடுவழியில் நின்றுவிட்டது. மின்விசிறியும் ஓடவில்லை. அவனுக்கு மூச்சு முட்டியது, செத்துவிடுவோம் என்று தோன்றியது. மறுநாள் பஸ்ஸில் போனான். ரயிலைத் தவிர்த்ததும் பெரிய நிம்மதி. அந்த நிம்மதிதான் பொறி. "ரயிலில் ஏறாததால்தான் பிழைத்தோம்" என்று மூளை எழுதி வைத்துக்கொண்டது. ரெண்டு வாரத்தில் பஸ் நெரிசலும் ரயில் மாதிரியே தெரிந்தது. ஷேர் ஆட்டோவுக்கு மாறினான். அப்புறம் கடைசி இருக்கை கிடைத்தால் அதிலும் ஏறுவதில்லை. மூன்றாம் மாதம் வேலைக்குப் போவதையே நிறுத்திவிட்டான். பயந்தது ஒரு ரயிலுக்கு. போனது முழு வேலையும்.

அவனைத் திரும்ப ஏற்றியது மாத்திரையோ தத்துவமோ இல்லை. ஆலோசகர் ஒருவர் போட்டுக்கொடுத்த படிக்கட்டு. முதல் வாரம் நடைமேடை டிக்கெட் எடுத்துக்கொண்டு திருவொற்றியூர் நிலையத்தில் அரை மணி நேரம் உட்கார வேண்டும், ரயில் வந்து போவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்தது, கூட்டமில்லாத மதிய வண்டியில் ஒரே ஒரு நிலையம், வ.உ.சி. நகர் வரை. படபடப்பு வரும், வரட்டும், இறங்கி ஓடாமல், அது தானாகத் தணிவதைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும். பிறகு தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை. வண்ணாரப்பேட்டைக்குப் போன அன்று எனக்கு போன் செய்தான். "அக்கா, நெஞ்சு அடிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு. ஆனா நான் ஜன்னல் வழியா லைன் ஓரத்துல பசங்க கிரிக்கெட் ஆடுறதப் பாத்துட்டே வந்தேன்." பயம் போன பிறகு ரயில் ஏறுவது என்று வைத்துக்கொண்டால் அவன் இன்னும் வீட்டில்தான் இருந்திருப்பான். ஏறின பிறகுதான் பயம் குறையும். உடம்பு சொல்லிக் கேட்காது, செய்து பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும்.

தவிர்ப்பதற்கு இன்னும் நைசான வடிவங்களும் உண்டு. மணிக்கொரு தரம் பிரஷர் பார்ப்பது. "எனக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?" என்று வீட்டில் ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்குவது. செல்போனில் நோய்க்குறிகளைத் தேடிக்கொண்டே இருப்பது. அந்த நேரத்துக்கு ஆறுதல், ஒரு மணி நேரத்தில் மறுபடி கேட்கத் தோன்றும்.

இயற்கையான வழி என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் மூச்சைத்தான் சொல்வேன். இதயத்தின் வேகத்தை நாம் நேராகக் கட்டுப்படுத்த முடியாது, மூச்சை முடியும். மூச்சை வெளியே விடும்போது வேகஸ் என்ற நரம்பின் வழியாக இதயத் துடிப்பு கொஞ்சம் நிதானப்படுகிறது. அதனால் உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும். மனசுக்குள் நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடலாம். நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவில் வரும். "நல்லா இழுத்து மூச்சு விடு" என்று நாம் பக்கத்தில் நின்று சொல்வது பீதியில் இருப்பவருக்கு எதிர்மாறாக வேலை செய்துவிடும், ஏற்கெனவே அதிகமாகத்தான் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். "மெதுவா விடு" என்பதே சரியான சொல். அதையும் நன்றாக இருக்கும் நாட்களில் தினம் பத்து நிமிடம் பழகினால்தான் கெட்ட ராத்திரியில் கை கொடுக்கும். புயல் அன்று நீச்சல் கற்க முடியாது.

பாட்டும் இதே வேலையைச் செய்கிறது. ஒரு அடியை முழுசாக இழுத்துப் பாட, வெளிமூச்சை நீட்டித்தான் ஆக வேண்டும். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில் ராத்திரி முழுக்க கானா பாடுவார்கள்; வயதான பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். பிள்ளை பயந்துவிட்டால் சாயங்காலத் தொழுகை முடிந்து வருகிறவர்களிடம் ஓதி ஊதிவிடச் சொல்லி, மதம் பார்க்காமல் பள்ளிவாசல் வாசலில் தாய்மார்கள் காத்திருப்பார்கள். நிதானமான ஒரு பெரியவர், தணிந்த குரல், தலைமேல் ஒரு கை, பக்கத்தில் அம்மா. பயந்த பிள்ளைக்கு இது ஆறுதல் தராமல் இருக்குமா? நான் இதையெல்லாம் குறைத்துப் பேச மாட்டேன். ஆறு மாதமாகத் தூங்காத ஒருவருக்கு இது மட்டும் போதாது என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

உடம்பு அசைய வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. "நாள் பூரா கூடை தூக்குறேனே, அது போதாதா?" என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. வேலையில் ஓடுவதோடு நேரக்கெடுவும் வியாபாரக் கவலையும் கூடவே ஓடி வருகின்றன. எதற்காகவும் இல்லாமல், அவசரமில்லாமல், பேச்சுத் துணையோடு அரை மணி நேரம் நடப்பது வேறு. வியாசர்பாடியில் சாயங்காலம் பந்து உதைக்கிற பையன்கள் தங்களுக்குத் தெரியாமலே தங்கள் அட்ரினலினைச் செலவழித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களுடைய அம்மாக்களுக்கு அப்படி ஒரு மைதானம் இல்லை என்பதுதான் எனக்கு ஆறாத குறை.

அப்புறம் டீ. அக்கா ஒரு நாளைக்கு எட்டு டீ குடிப்பார், கடைசி டீ சாயங்காலம் ஆறு மணிக்கு. காபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ராத்திரி பதினொன்றுக்கும் அந்த டீயில் பாதி உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது, அக்கா இரண்டரைக்கு எழ வேண்டும். காபீன் இதயத்தைப் படபடக்க வைக்கும். பதற்றக்காரருக்கு அந்தப் படபடப்பே புதுப் பயத்தைக் கிளப்பும். மூன்று டீயாக, அதுவும் மதியத்துக்குள் என்று குறைத்தது அக்காவுக்கு நான் பார்த்தவரை பெரிய மாற்றம் தந்தது. ஹான்ஸ் புகையிலை, பீடி விஷயமும் இப்படித்தான்: போட்டதும் வரும் அமைதி, முந்தைய தடவை போட்டது இறங்கியதால் வந்த தவிப்பு அடங்குவது. குடி அந்த ராத்திரிக்குத் தூங்க வைத்துவிட்டு, விடியலில் இரண்டு பங்கு பதற்றத்தோடு எழுப்பும். ஆனால் வருடக்கணக்கில் தினம் நிறையக் குடிப்பவர் திடீரென்று தானாக நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும்.

நாட்டு மருந்துக் கடையில் அமுக்கராக் கிழங்குப் பொடி கிடைக்கும். அசுவகந்தா என்று விளம்பரங்களில் வருவது அதுதான். பதற்றத்தை ஓரளவு தணிக்கலாம் என்று சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் கல்லீரல் பாதிப்பு வந்தவர்கள் இருக்கிறார்கள், தைராய்டு சுரப்பை மாற்றக்கூடியது, கர்ப்பிணிகள் தொடவே கூடாது. செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒன்று சாதுவாகிவிடாது. சித்த மருத்துவரிடம், சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் சொல்லிவிட்டு, கேட்டு வாங்க வேண்டும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது, "தூக்க மாத்திரை" என்று சீட்டில்லாமல் கை மாறும் அல்பிரசோலம் வகை. உடனே அமைதி தரும், சில வாரத்தில் உடம்பு அதற்குப் பழகிவிடும், நிறுத்தினால் பதற்றம் பலமடங்காகத் திரும்பும். மனநல மருத்துவர்கள் நாள்பட்ட பதற்றத்துக்கு முதலில் கொடுப்பது வேறு வகை. அது வேலை செய்ய சில வாரங்கள் ஆகும், முதல் சில நாட்களில் படபடப்பு சற்றுக் கூடவும் செய்யலாம், பலர் அங்கேயே பயந்து நிறுத்திவிடுகிறார்கள். போதைப் பழக்கத்தை அது உண்டாக்குவதில்லை. ஆனாலும் தானாக நிறுத்தாமல், மருத்துவர் சொல்லும் வேகத்தில் குறைக்க வேண்டும்.

தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டுப்போனால், வேலைக்குப் போக முடியாமல் ஆனால், குடித்தால்தான் நாள் ஓடும் என்றால், இல்லாமல் போய்விட்டால் நல்லது என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும், மூச்சுப் பயிற்சியோடு காத்திருக்கக் கூடாது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் 2022 அக்டோபரிலிருந்து இலவசமாக இயங்குகிறது, எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம்.

போக விடாமல் தடுப்பது ஒரே சொல்: கீழ்ப்பாக்கம். 1794இல் தொடங்கிய ஒரு மனநல மருத்துவமனையின் முகவரியை நாம் தலைமுறை தலைமுறையாக வசவுச் சொல்லாக வைத்திருக்கிறோம். அக்காவும் முதலில் அதைத்தான் சொன்னார். "நான் என்ன பைத்தியமா, என்னைய அங்க கூப்புடுற?" இதயத்துக்கு ஒரு பிரிவு, எலும்புக்கு ஒரு பிரிவு மாதிரி இது கூண்டுக்கு ஒரு பிரிவு என்று சொல்லித்தான் அழைத்துப் போனேன். புறநோயாளி வரிசையில் எங்களுக்கு முன்னால் பன்னிரண்டு பேர். அதில் இரண்டு பேரை அக்காவுக்குத் தெரியும். ஒருவர் அவரிடம் தினம் சங்கரா மீன் வாங்குகிறவர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். நான் டோக்கனோடு ஓரமாக நின்றேன்.

அக்கா இப்போது மாத்திரை எடுக்கிறார். டீ குறைந்திருக்கிறது. சாயங்காலம் ஒரு நோட்டில் மகளை வைத்து அன்றைய கவலைகளை எழுதச் சொல்கிறார், கால் மணி நேரம் மட்டும். இன்றைக்கு ஏதாவது செய்ய முடிகிறவை ஒரு பக்கம், செய்ய முடியாதவை மறு பக்கம். மற்ற நேரத்தில் கவலை வந்தால் "நோட்டுல சொல்லிக்கலாம்" என்பாராம். நடுவில் ஒரு ராத்திரி மறுபடி நெஞ்சு அடைத்தது. எழுந்து திண்ணையில் உட்கார்ந்து, நாலு இழுத்து ஆறு விட்டு, விடியும் முன் காசிமேட்டுக்குப் போய்விட்டார். மறுநாள்தான் எங்களுக்கே சொன்னார்.

போன வாரம் தாழ்வு மண்டலம் வலுக்கிறது என்று செய்தி. துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிட்டார்கள். பயந்திருப்பாரோ என்று போய்ப் பார்த்தேன். மீன் கூடைகளைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எத்தினியாம் நம்பரு?" என்றார்.

"ஒண்ணுதான்க்கா."

"ஒண்ணுன்னா இன்னும் நேரமிருக்கு. அரிசியும் மெழுகுவத்தியும் வாங்கணும், நோட்டுல எழுதிட்டேன். நீ இந்தக் கூடையக் கொஞ்சம் அந்தப் பக்கம் புடி."